பழைய காரின் ரேடியோவில் விளக்கு எரியாவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரோடு வந்த ரேடியோ குறையில்லாமல் பாடுகிறது. பொழுது சாய்ந்ததும் அதன் முகம் மட்டும் இருண்டுவிடுகிறது. பினாங்குத் தீவிலும், கடலுக்கு இந்தப் பக்கம் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்திலும் 1980களிலும் 1990களிலும் வந்த கார்களை இன்னும் விடாமல் வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் கொண்டுவரும் குறைகளில் இதற்கே முதலிடம். நான் கடை வைத்திருப்பவன் அல்லன். வார இறுதியில் வீட்டு முன்கூடத்தில் மேசை போட்டுப் பழைய ரேடியோக்களைத் திறந்து பார்ப்பவன். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ரேடியோ பாடுகிறது, விளக்கு மட்டும் எரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

காரின் பின்புறத்திலிருந்து தொடங்குங்கள். இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள், ஆனால் காரணம் இருக்கிறது. பழைய ஜப்பானியக் கார்கள் பலவற்றிலும் அவற்றின் வழிவந்த நம் மலேசியக் கார்களிலும், ரேடியோவின் பொத்தான் விளக்குக்கு வரும் மின்சாரமும் பின்விளக்குக்குப் போகும் மின்சாரமும் ஒரே பியூஸைத் தாண்டியே வருகின்றன. ஆகவே, சிறு விளக்கைப் (பார்க்கிங் விளக்கைப்) போட்டுவிட்டு இறங்கிப் போய்ப் பின்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பிறகு உள்ளே வந்து மீட்டர், கடிகாரம், குளிர்சாதனப் பொத்தான்கள், சிகரெட் லைட்டரின் வளையம் ஆகியவற்றில் வெளிச்சம் உண்டா என்று பாருங்கள்.

எல்லாமே இருண்டிருந்தால் ரேடியோவின் மேல் குற்றம் இல்லை. பியூஸ் பெட்டி மூடியில் ‘டெயில்’ என்று குறித்திருக்கும் பியூஸைப் பிடுங்கிப் பாருங்கள். பின்விளக்கு எரிந்து, டேஷ்போர்டு முழுவதும் இருண்டிருந்தால் டிம்மர் குமிழைச் சந்தேகிக்கலாம். டேஷ்போர்டு முழுவதும் ஒளிர்ந்து ரேடியோ மட்டும் இருண்டிருந்தால்தான் அதைக் கழற்றுவதில் பொருள் உண்டு. இந்த மூன்றையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பார்க்காமல் டேஷ்போர்டைப் பிரித்தவர்கள் ஒரு நாளை வீணாக்கியிருக்கிறார்கள்.

டிம்மர் குமிழ் என்பது எது?

மீட்டரின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஸ்டீயரிங் அருகில் இருக்கும் சிறு சக்கரம். துடைக்கும்போது கை பட்டு அது அடியோடு கீழே போயிருக்கும். காரின் சொந்தக்காரருக்கே அப்படி ஒன்று இருப்பது தெரிந்திருக்காது. ஒருமுறை பிறையிலிருந்து வந்த ஒருவரின் காரில் நான் செய்த மொத்தப் பழுதுபார்ப்பும் அந்தச் சக்கரத்தை விரலால் மேலே உருட்டியதுதான். நெடுங்காலம் அசையாமல் கிடந்த சக்கரத்தின் உள்ளே துரு படிந்து தொடர்பு விட்டுப்போவதும் உண்டு. ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை இருபது முப்பது தடவை உருட்டினால் பல நேரங்களில் உயிர் வந்துவிடும்.

பகலில் எழுத்து நன்றாகத் தெரிகிறது. விளக்கைப் போட்டவுடன் மங்கி மறைகிறது. இது எந்தக் கோளாறு?

கோளாறாகவே இல்லாமலும் இருக்கலாம். இரவில் கண் கூசாமல் இருப்பதற்காக, விளக்கு போடப்பட்டிருக்கிறது என்ற செய்தி கிடைத்தவுடன் தன் எழுத்தைத் தானே மங்கலாக்கிக்கொள்ளும் ரேடியோக்கள் உண்டு. எழுத்து ஏற்கெனவே முதுமையால் மங்கியிருந்தால், அதற்கு மேலும் குறைக்கும்போது கண்ணுக்கு எட்டாமல் போய்விடுகிறது. முதலில் டிம்மரை உயர்த்திப் பாருங்கள். சரியாகாவிட்டால் எழுத்துப் பலகையின் வகையைப் பொறுத்துக் கீழே சொல்லியிருப்பதைச் செய்யலாம்.

ரேடியோவுக்குப் பின்னால் இத்தனை வயர்கள் எதற்கு? விளக்குக்குரியது எது?

பேட்டரியிலிருந்து எப்போதும் வந்துகொண்டிருக்கும் வயர் ஒன்று, கடிகாரத்தையும் நினைவில் வைத்த நிலையங்களையும் காப்பாற்றுவதற்கு. சாவியைத் திருப்பினால் மட்டும் வருவது ஒன்று, ரேடியோ பாடுவதற்கு. சிறு விளக்கைப் போட்டால் மட்டும் வருவது ஒன்று, பொத்தான்கள் ஒளிர்வதற்கு. இவற்றோடு பூமி வயர், ஏரியல் வயர், ஒலிபெருக்கி வயர்கள். பாடுவதும் ஒளிர்வதும் தனித்தனி வழியில் வருவதால்தான் ஒன்று போனாலும் மற்றொன்று நிற்பதில்லை.

நிறத்தைப் பொறுத்தவரை, பழைய டொயோட்டா கார்களில் பச்சை வயர் விளக்குக்குரியது. வெள்ளையில் பச்சைக் கோடு போட்டது டிம்மருக்குப் போகும் அதன் மறுமுனை. சாம்பல் நிறம் சாவிக்குரியது. நீலத்தில் மஞ்சள் கோடு நிரந்தர மின்சாரம். ஐரோப்பியக் கார்களில் காணப்படும் ஐஎஸ்ஓ (பன்னாட்டுத் தர) கறுப்புச் செருகியில் 6-ஆம் முனை விளக்குக்கும், 8-ஆம் முனை பூமிக்கும் உரியவை. 4-ஆம் முனையும் 7-ஆம் முனையும் நிரந்தரத்துக்கும் சாவிக்கும் உரியவை என்றாலும், சில கார்களில் இவ்விரண்டும் இடம் மாறியிருக்கும். முப்பது ஆண்டுகளில் எத்தனை கைகள் அந்த வயர்களைத் தொட்டிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? நிறத்தை நம்புவதைவிட, வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டரை நம்புவதே என் வழக்கம்: சிறு விளக்கைப் போட்டால் 12 வோல்ட் காட்டி, அணைத்தால் பூச்சியமாகும் வயரே நாம் தேடுவது.

டிம்மருக்குப் போகும் வயர் பூமி வயர்தானே? இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிடலாமா?

முறுக்காதீர்கள். சில கார்களில் டிம்மர் மின்சாரம் வரும் பக்கத்தில் இருக்கும். வேறு சிலவற்றில், பல்பைத் தாண்டிய பிறகு பூமிக்குப் போகும் பக்கத்தில் இருக்கும். இரண்டாவது வகையில் அந்த வயரைக் காரின் உடம்போடு சேர்த்தால் டேஷ்போர்டு விளக்குகள் முழு வெளிச்சத்தில் எரிந்து டிம்மர் வேலை செய்யாமல் போகும். முதல் வகையில் விளைவு அவ்வளவு சாதுவாக இருக்காது, ஏனென்றால் நேராகப் பியூஸ் போய்விடும்.

இதில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்தில் ஒரு புரோட்டான் சாகா காரின் ரேடியோவை மாற்றியபோது, விளக்கு வயரின் நுனியை டேப் சுற்றாமல் டேஷ்போர்டுக்குள் தள்ளிவிட்டேன். பகலில் ஒன்றும் தெரியவில்லை. இரவு தீவிலிருந்து திரும்பும்போது விளக்கைப் போட்டேன். டேஷ்போர்டு ஒரு கணம் ஒளிர்ந்து அணைந்தது. பல்புதான் போயிற்று என்று எண்ணி, முன்விளக்கு எரிந்த தெம்பில், 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தில் ஏறிவிட்டேன். பாதித் தொலைவில் ஒரு மோட்டார்சைக்கிள்காரர் பக்கத்தில் வந்து என் பின்புறத்தைக் கையால் காட்டிக்கொண்டே போன பிறகுதான் பின்விளக்கும் சேர்ந்து போயிருப்பது புரிந்தது. ஒரு செப்பு நுனி எங்கோ இரும்பைத் தொட்டதன் விலை அது. அன்றிலிருந்து, பயன்படாத ஒவ்வொரு நுனியிலும் தனித்தனியே டேப் சுற்றாமல் எந்த ரேடியோவையும் உள்ளே தள்ளுவதில்லை.

என் ரேடியோவின் எழுத்துப் பலகை எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் பல்பு வாங்கப் போகாதீர்கள்; எழுத்துக்குப் பின்னால் பல்பே இல்லாத ரேடியோக்களும் உண்டு. ரேடியோவைப் போட்டுவிட்டு, டார்ச் விளக்கைச் சாய்வாக எழுத்துப் பலகையின்மேல் அடித்துப் பாருங்கள்.

டார்ச் வெளிச்சத்தில் கறுப்பு எழுத்தோ மங்கலான எண்ணோ தெரிந்தால் அது எல்சிடி. எழுத்து அங்கேயே இருக்கிறது, பின்னால் வெளிச்சம் மட்டும் இல்லை. பல்பை மாற்றினால் தீர்ந்துவிடும் எளிய வகை இது.

எழுத்து பச்சை கலந்த நீல நிறத்தில் தானே ஒளிர்ந்து, காலப்போக்கில் மங்கிக்கொண்டே வந்திருந்தால் அது விஎஃப்டி எனப்படும் வெற்றிடக் கண்ணாடிப் பலகை. உற்றுப் பார்த்தால் எழுத்துகளுக்கு முன்னால் முடியைவிட மெல்லிய கம்பிகள் குறுக்கே ஓடுவது தெரியும். அந்தக் கம்பி சூடாகி வெளியிடும் எலெக்ட்ரான்கள் ஒளிர்பூச்சைத் தாக்குவதால் எழுத்து ஒளிர்கிறது. பின்னால் பல்பு கிடையாது.

எண்கள் அச்சடித்த கண்ணாடிப் பட்டையின்மேல் ஒரு முள் நகர்ந்தால் அது இன்னும் பழைய வகை. பட்டையின் ஓரத்தில் ஒன்றோ இரண்டோ பல்புகள் இருக்கும், அவ்வளவுதான். பொத்தான்களின் விளக்கோ எல்லா வகையிலும் தனி. எழுத்து ஒளிர்ந்து பொத்தான் இருண்டிருப்பதும், பொத்தான் ஒளிர்ந்து எழுத்து இருண்டிருப்பதும் இயல்பே.

ரேடியோவைக் கழற்றுவதற்கு முன் கவனிக்க வேண்டியது என்ன?

திருட்டுத் தடுப்பு எண். சில ஹோண்டா, வோல்வோ, மெர்சிடிஸ் கார்களில் வந்த ரேடியோக்களும் ப்ளாபுங்ட், பெக்கர் ரேடியோக்களும் மின்சாரம் ஒருமுறை துண்டிக்கப்பட்டால் இரகசிய எண்ணைக் கேட்கும். அது கையில் இல்லாமல் பேட்டரி வயரைக் கழற்றினால், விளக்கு எரியும் ஆனால் பாடாத ரேடியோ ஒன்று உங்களுக்குக் கிடைக்கும். சொந்தக்காரர் கையேட்டின் உறை, அதில் செருகிய அட்டை, கையுறைப் பெட்டிக்குள் ஒட்டிய தாள் ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். யூகித்துப் பல எண்களை அழுத்தக்கூடாது. சில தவறுகளுக்குப் பிறகு ரேடியோ பூட்டிக்கொள்ளும்.

எண் இருக்கிறது அல்லது தேவையில்லை என்று தெரிந்த பிறகு பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். காற்றுப்பை உள்ள காராக இருந்தால் அதன்பின் சில நிமிடங்கள் காத்திருப்பது நல்லது. ஐரோப்பிய ரேடியோவின் முகத்தில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிறு துளைகள் இருந்தால், அவற்றில் செருகும் கம்பிச் சாவியால் தாழ்ப்பாளை விடுவித்து இழுக்க வேண்டும். ஜப்பானியக் கார்களில் சாம்பல் தட்டை எடுத்து, சுற்றுச் சட்டத்தைக் கழற்றினால் ரேடியோவின் பக்கங்களைப் பிடித்திருக்கும் திருகுகள் தெரியும். காந்தம் உள்ள திருப்புளியைப் பயன்படுத்துங்கள். கியர் பெட்டிக்குப் பக்கத்தில் விழுந்த திருகைத் தேடுவது தனி வேலையாகிவிடும்.

முகப்பைப் பிரிக்கும்போது பிளாஸ்டிக் உடைந்துவிடுகிறதே?

முப்பது ஆண்டுகள் நம் ஊர் வெயிலில் நின்ற காரின் பிளாஸ்டிக் அப்பளம் போல நொறுங்கும். குமிழ்களை நேராக இழுத்து எடுத்தபின், முகப்பைப் பிடித்திருக்கும் கொக்கிகளை எண்ணிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வரை இருக்கும். முடி உலர்த்தியால் ஓரிரு நிமிடம் இளஞ்சூடு காட்டினால் பிளாஸ்டிக் சற்று வளைந்து கொடுக்கும். இரும்புத் திருப்புளியால் நெம்பாமல், மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஒவ்வொரு கொக்கியிலும் செருகி வைத்துக்கொண்டே போக வேண்டும். ஒன்றைத் தளர்த்தி அடுத்ததற்குப் போவதற்குள் முதலாவது மறுபடி பூட்டிக்கொள்வதைத் தடுக்க இதுவே வழி. முகப்பு விடுபட்டவுடன் வெடுக்கென்று இழுக்காதீர்கள், பின்னால் ரிப்பன் கேபிள் இருக்கலாம்.

உள்ளே பல்பு எப்படி இருக்கும்? போன பல்பை எப்படி அறிவது?

ஒரு கோதுமை மணி அளவு இருக்கும். சில, கால் திருப்பு திருப்பினால் கழன்று வரும் பிளாஸ்டிக் பிடிப்பில் உட்கார்ந்திருக்கும். சில, இரண்டு மெல்லிய கம்பிகளால் மின்சுற்றுப் பலகையோடு சோல்டர் செய்யப்பட்டிருக்கும் (ஈயம் உருக்கி ஒட்டப்பட்டிருக்கும்). பச்சை அல்லது நீல வெளிச்சம் தரும் ரேடியோவில் பல்பின்மேல் அந்த நிற ரப்பர் உறை மாட்டியிருக்கும். அண்மையில் நான் திறந்த ஒன்றில் அந்த உறை வெல்லப்பாகு போல உருகி, கண்ணாடியோடு ஒட்டி, பக்கத்தில் ஒளியைப் பரப்பும் தெளிந்த பிளாஸ்டிக்கான ஒளிக்கடத்தியிலும் ஒரு துளி சொட்டிக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. பல்பின் உட்சுவர் வெள்ளிமுலாம் பூசியது போல் கறுத்துப் பளபளத்தால் இழை ஆவியாகிப் படிந்திருக்கிறது என்று பொருள்.

கண்ணால் தெரியாவிட்டால் மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். 12 வோல்ட், 60 மில்லி ஆம்பியர் பல்பு எரியும்போது அதன் தடை 200 ஓம். ஆனால் குளிர்ந்த நிலையில் அதில் பத்தில் ஒரு பங்கு அளவே, அதாவது 20 ஓம் அளவே, காட்டும். இதைப் பார்த்து ஷார்ட் என்று பயந்து நல்ல பல்பை எறிந்தவர்கள் உண்டு. எதுவுமே காட்டாவிட்டால்தான் இழை அறுந்திருக்கிறது.

ஒரு பல்பு போனதற்கு இரண்டு அணைந்திருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். தீபாவளிக்கு வாசலில் தொங்கவிடும் பழைய சரவிளக்கைப் போல, 6 வோல்ட் பல்புகள் இரண்டைத் தொடராகக் கோத்திருந்தால் அப்படித்தான் ஆகும்.

எந்த அளவுப் பல்பு வாங்க வேண்டும்? பினாங்கில் எங்கே கிடைக்கும்?

கண்ணாடியின் குறுக்களவு, நீளம், வோல்ட், மில்லி ஆம்பியர் ஆகிய நான்கும் ஒத்திருக்க வேண்டும். குறுக்களவு பெரும்பாலும் 3 அல்லது 4 மில்லிமீட்டர். வோல்ட் தெரியாவிட்டால், பல்பு இருந்த இரு முனைகளுக்கிடையே மீட்டரை வைத்து அளந்து பாருங்கள். உள்ளே ஒரு தடை போட்டு 8 வோல்ட்டாகவோ 6 வோல்ட்டாகவோ குறைத்திருக்கும் ரேடியோக்களும் உண்டு. ஆனால் பல்பில்லாமல் அளந்தால் தடை தன் வேலையைக் காட்டாது, முழு 12 வோல்ட்டும் தெரியும். ஆகவே ஒரு பழைய பல்பையோ 200 ஓம் தடையையோ தற்காலிகமாகக் கோத்துக்கொண்டு அளக்க வேண்டும். ஐயம் இருந்தால் குறைந்த ஆம்பியரையே எடுங்கள். அதிக வாட் பல்பு முதல் நாள் அழகாகத் தெரியும். பிறகு முகப்பை உருக்கிவிடும்.

எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தொடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மின்னழுத்தம் 5 விழுக்காடு கூடினாலே இழைப் பல்பின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது. ஆகவே 14 வோல்ட் என்று குறித்த பல்பு கிடைத்தால் அதையே வாங்குவேன்; வெளிச்சம் சற்றுக் குறைந்தாலும் மறுபடி பிரிக்கும் தொல்லை தள்ளிப்போகும்.

வாங்குவதற்கு மின்னணுப் பாகங்கள் விற்கும் கடைகள் இருக்கின்றன. இணையத்திலும் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. எனக்கு விருப்பமான இடம் ஜார்ஜ் டவுனில் நகர அரங்கத்தை ஒட்டிய லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தை. காலையில் போனால், செத்த ரேடியோ ஒன்று சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைக்கும். பாடாவிட்டால் என்ன, உள்ளே நான்கு பல்பும் குமிழும் திருகும் இருக்கின்றன.

இழைப் பல்புக்குப் பதிலாக எல்இடி போடலாமா?

போடலாம், ஆனால் இதைச் சரியாகச் செய்தவர்களைவிடக் கெடுத்தவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். பினாங்குக்காரர்களுக்கு இதில் ஒரு சிறு பெருமையும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு முதலில் வந்த, ‘எட்டு சாமுராய்’ என்று இங்கே சொல்லப்படும் நிறுவனங்களில், கார் ரேடியோ செய்த கிளாரியனும் பாஷும் இருந்தன. எல்இடி செய்த லிட்ரோனிக்ஸும் இருந்தது. ரேடியோவும் அதன் விளக்கும் ஒரே ஊரில் பிறந்திருக்கின்றன.

இழைப் பல்பு எல்லாத் திசையிலும் ஒளிவிடும். எல்இடியோ நேர் முன்னால் மட்டும் கொட்டும். அதை அப்படியே மாட்டினால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டும் ஓரங்களில் இருட்டுமாக இருக்கும். எல்இடியின் தலையை நயமான உப்புத்தாளால் தேய்த்துப் பனி படர்ந்தது போல் ஆக்கினால் ஒளி பரவும். நிறமும் முக்கியம்: முகப்பு பிளாஸ்டிக் ஆரஞ்சு நிறமாக இருந்தால் அதன் பின்னால் நீல எல்இடி போட்டால் வெளிச்சம் வெளியே வராது, ஏனெனில் அந்த பிளாஸ்டிக் நீலத்தை விழுங்கிவிடும். முகப்பே நிறம் தருமானால் மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளையும், ரப்பர் உறைதான் நிறம் தந்திருந்தால் அந்த நிற எல்இடியும் பொருந்தும்.

தடை இல்லாமல் எல்இடியை 12 வோல்ட்டில் கோத்தால் அது ஒரு கணம் மின்னி இறந்துவிடும். கணக்கு எளியது. மின்னழுத்தம் 14.4 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை எல்இடி 3.2 வோல்ட் எடுத்துக்கொள்கிறது, மீதி 11.2 வோல்ட். 1 கிலோ ஓம் தடை போட்டால் 11 மில்லி ஆம்பியர் ஓடும். இரவில் ரேடியோ முகத்துக்கு இது தாராளம். தடையில் செலவாவது எட்டில் ஒரு வாட், ஆகவே கால் வாட் தடை போதும். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று மூன்று வளையங்கள் இருக்கும் தடை அதுதான். எல்இடிக்கு நேர், எதிர் உண்டு. நீளமான கால் நேர்முனை. இழைப் பல்புக்குத் திசை இல்லாததால் பலகையில் குறியும் இருக்காது, மீட்டரால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்இடி போட்ட பிறகு டிம்மர் வேலை செய்யவில்லையே?

செய்யாது. பழைய டிம்மர் என்பது சில பத்து ஓம் அளவுள்ள ஒரு மாறுதடை. பல்புகள் இழுக்கும் பெரிய மின்னோட்டத்தில்தான் அது மின்னழுத்தத்தைக் குறைக்க முடியும். இரண்டு மூன்று எல்இடிகள் இழுக்கும் சில பத்து மில்லி ஆம்பியர் அதற்குக் கொசுக்கடி. டேஷ்போர்டின் மற்ற இடங்களில் இழைப் பல்புகளை விட்டு வைத்தால், அவற்றுக்காக மின்னழுத்தம் குறையும்போது எல்இடியும் ஓரளவு சேர்ந்து குறையும். எல்லாவற்றையும் எல்இடி ஆக்கிவிட்டால், கண்ணுக்கு இதமான வெளிச்சம் வரும்வரை தடையின் அளவைக் கூட்டிப் பாருங்கள், நான் 2.2 கிலோ ஓம் வரை போயிருக்கிறேன்.

எல்இடி பல்பு மாட்டியதும் ரேடியோவில் இரைச்சல் வருகிறது. தொடர்பு உண்டா?

உண்டு. ஆயத்தமாக விற்கும் சில எல்இடி பல்புகளுக்குள் மின்னோட்டத்தை வேகமாக வெட்டி வெட்டிக் கொடுக்கும் சுற்று இருக்கும். அது அலைவாங்கிக்கு அருகில் இருந்தால் இரையும். வெறும் தடை வைத்த எல்இடியில் இந்தத் தொல்லை இல்லை.

சோல்டர் செய்து பழக்கமில்லை. நானே செய்யலாமா?

பிடிப்பில் உட்காரும் பல்பானால் தாராளமாகச் செய்யலாம். பலகையில் சோல்டர் செய்த பல்பானால், வீணாய்ப் போன ஏதாவது ஒரு பலகையில் பத்துத் தடவை எடுத்துப் போட்டுப் பழகிவிட்டு வாருங்கள். பழைய பலகைகள் வெள்ளீயமும் காரீயமும் கலந்த சோல்டரால் செய்யப்பட்டவை. 60க்கு 40 என்ற கலவை அதற்குப் பொருந்தும், 350 பாகை செல்சியஸ் அளவுச் சூடு போதும். வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள்; சன்னலைத் திறந்து வையுங்கள். பட்டர்வொர்த்தில் நெடுங்காலம் வெள்ளீயம் உருக்கிய ஆலை இருந்தது என்பதால், இந்தச் சுருளில் நம் ஊர் உலோகமும் கலந்திருக்குமோ என்று சோல்டரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் உருப்பெருக்கிக்கு முன்னால் இருபது ஆண்டுகள் பலகை பார்த்த என் அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது: நல்ல சோல்டர் காலைச் சுற்றிச் சரிவாக, உட்குழிந்து, ஈரம் பட்டது போல் படர்ந்திருக்கும், கெட்ட சோல்டர் வாழையிலைத் தண்ணீர் போல உருண்டு நிற்கும். உருண்டு நின்றால், “இது ஒட்டல, சும்மா உக்காந்திருக்கு” என்பார். சோல்டர் இரும்பின் நுனி பல்பின் காலையும் செப்பையும் ஒருசேரத் தொட்டுச் சூடாக்கிய பிறகே சோல்டரைக் கொடுக்க வேண்டும். ஆனால் மூன்று வினாடிக்கு மேல் வைத்தால் செப்புத் தடம் பலகையை விட்டு உரிந்துவிடும்.

மேடு பள்ளத்தில் போனால் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. பல்பை மாற்றினால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. நாள்தோறும் வெயிலில் சூடாகி, இரவில் குளிர்ந்து, சோல்டரில் காலைச் சுற்றி மயிரிழை போன்ற வளைய விரிசல் விழுந்திருக்கும். ரேடியோவை மேசைமேல் எரியவிட்டு, சாத்தே இறைச்சி கோக்கும் மூங்கில் குச்சியால் ஒவ்வொரு மூட்டாக மெல்லத் தட்டிப் பாருங்கள். எதைத் தொட்டால் விளக்கு இமைக்கிறதோ அதற்குப் புதுச் சோல்டர் கொடுங்கள். செருகியின் முனைகளில் பச்சை பூத்திருந்தால் தொடர்புத் தூய்மைத் தெளிப்பானால் சுத்தம் செய்யுங்கள். கடற்கரையில் நிறுத்தும் கார்களில் இதை அடிக்கடி காணலாம்.

விஎஃப்டி எழுத்து மங்கிவிட்டது. வெளிச்சத்தைக் கூட்ட முடியுமா?

ஒளிர்பூச்சு தேய்ந்திருந்தால் திரும்பாது. இழைக்குக் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்தால் பிரகாசமாகும் என்று சிலர் சொல்வார்கள். சில நாள் பிரகாசிக்கலாம், பிறகு இழையே போய்விடும். ஆனால் கைவிடுவதற்கு முன், பலகைக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியில் மின்தேக்கிகள் காய்ந்திருக்கின்றனவா, விரிசல் உண்டா என்று பார்ப்பது நியாயம். அங்கே குறை இருந்தால் எல்லா எழுத்தும் ஒருசேர மங்கியிருக்கும். தினமும் காட்டும் எண்கள் மட்டும் மங்கி, அரிதாக ஒளிரும் குறிகள் பளிச்சென்று இருந்தால் அது பூச்சுத் தேய்மானமே.

எல்சிடியில் கறுப்புக் கறை படர்கிறது. சில கோடுகள் காணவில்லை. இதுவும் விளக்குக் கோளாறா?

இல்லை. மை சிந்தியது போல் ஓரத்திலிருந்து படரும் கறை கண்ணாடி கசிந்ததன் அடையாளம், அதற்கு மருந்தில்லை. கோடுகள் விட்டுப்போயிருந்தால், கண்ணாடிக்கும் பலகைக்கும் இடையில் இருக்கும் ரப்பர்ப் பட்டையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துத் திரும்ப வைத்தால் பல நேரங்களில் சரியாகிவிடும்.

ஹாஃப்கட் கடையில் (பாதியாக வெட்டி வந்த பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடையில்) அதே ரேடியோ நல்ல விளக்கோடு கிடைக்கிறது. அதை வாங்கி மாட்டிவிடலாமே?

விளக்கைப் பார்த்து மயங்குவதற்கு முன் அலைவரிசையைப் பாருங்கள். ஜப்பானில் விற்ற காரிலிருந்து வந்த பழைய ரேடியோ 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நம் நாட்டில் பண்பலை 108 வரை போகிறது. கோலாலம்பூர் வட்டாரத்தில் தமிழ் வானொலிகளான மின்னல் எஃப்எம் இருக்கும் 96.3-உம், ராகா இருக்கும் 99.3-உம் அந்த ரேடியோவின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அலைவரிசையைக் கீழே இறக்கும் சிறு பெட்டியை ஏரியல் வயரில் கோத்தால் கேட்கும். ஆனால் எழுத்துப் பலகை வேறு எண்ணைக் காட்டும், ஒலியும் சற்றுக் குறையும். ஆகவே அத்தகைய ரேடியோவை உதிரிப் பாகத்துக்காக வாங்கி, அதன் முகப்பையும் பல்பையும் உங்கள் ரேடியோவுக்கு மாற்றுவதே என் பரிந்துரை.

இத்தனை தொல்லை எதற்கு? புதிய ஆண்ட்ராய்டு திரையை மாட்டினால் போதாதா?

போதும், அது வேண்டுமென்றால். 1985-இல், பினாங்குப் பாலம் திறந்த அதே ஆண்டில், வெளிவந்த காரின் டேஷ்போர்டில் ஒன்பது அங்குலத் திரை நிற்பதை என் கண் ஏற்பதில்லை. இது வெறும் ரசனை.

கடையில் கொடுத்தால் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

போர்மேனிடம் (பட்டறை மெக்கானிக்கிடம்), “விளக்கு எரியலண்ணே, பாத்துக் குடுங்க” என்று மட்டும் சொன்னால் அவர் கையில் கிடைத்த வெள்ளை எல்இடியைப் போட்டுக் கொடுத்துவிடலாம், அவர்மேல் குற்றமில்லை. எது எரிகிறது, எது எரியவில்லை, டிம்மரும் பியூஸும் பார்த்தாயிற்றா, இழைப் பல்பு வேண்டுமா எல்இடி வேண்டுமா, எந்த நிறம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பழைய பல்பைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், அடுத்த முறை அளவு தெரியும். இருட்டில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதும் உதவும்.

திரும்ப மாட்டும்போது நினைவில் வைக்க வேண்டியது?

முகப்பைப் பூட்டுவதற்கு முன், ஒளிக்கடத்தியாக இருக்கும் தெளிந்த பிளாஸ்டிக்கை ஈரத்துணியால் துடைத்து விடுங்கள். பின்னால் வெள்ளைப் பூச்சு இருந்தால் அதைச் சுரண்டக்கூடாது, அதுதான் ஒளியை முன்னால் தள்ளுகிறது. பிறகு ரேடியோவைத் திருகாமல், வயரில் தொங்கவிட்டபடியே பேட்டரியைக் கோத்து, சாவியைத் திருப்பி, சிறு விளக்கைப் போட்டு, டிம்மரை மேலும் கீழும் உருட்டி எல்லாம் ஒளிர்கிறதா என்று பாருங்கள். பார்த்துவிட்டு இறங்கிப் போய்ப் பின்விளக்கையும் ஒருமுறை பாருங்கள்.